வலை நூலில் தைத்த கதை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கோணலாக வரும், நடந்ததில் பாதி மறந்தும் போகும்; பொறுத்துக்கொள்ளுங்கள். பெறாமகள் விடாமல் கேட்டதால்தான் எழுதுகிறேன்.

என் தங்கையின் மகள் அவள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். போன கிழமை, தானே செய்த ஒரு கதையைப் போனில் கொண்டுவந்து என் கையில் தந்தாள். அதில் பக்கம் என்று ஒன்றில்லை. சில சொற்கள் நீலமாக இருக்கும். ஒன்றைத் தொட்டால் கதை ஒரு வழியில் போகும், இன்னொன்றைத் தொட்டால் வேறு வழியில். வாவியில் தோணி விட்ட ஒருவன் புயலில் அகப்படுகிற கதை. எழுத்துக் கூட்டி வாசித்து, பயந்து பயந்து தொட்டேன். கொஞ்ச நேரத்தில் அவன் கரைக்கு வந்து சோறு தின்றுகொண்டிருந்தான்.

"புள்ள, என்னத்தையோ அமத்திக் கெடுத்துப்போட்டன் போல."

"இல்ல பெரியம்மா. எண்ட கூட்டாளிமார் ஒருத்தரும் அவன இவ்வளவு கெதியா கரைக்குக் கொண்டுவரல்ல. நீங்க மட்டும் ஏன்?"

எனக்கு மாமாதான் நினைவுக்கு வந்தார்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. வாவியின் மேற்கே படுவான்கரையில் வீடு, வாவிக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். அம்மாவின் தம்பியான மாமாதான் தோணியில் கொண்டுபோய் விட்டு, கூட்டி வருவார். ஒருநாள் டீச்சர் வகுப்பு அலுமாரியிலிருந்து படம் போட்ட கதைப்புத்தகம் ஒன்றைத் தந்தார். வாசித்துவிட்டு வந்து வகுப்பில் உரத்து வாசிக்க வேண்டும். பழுதாக்கினால் இனி அலுமாரிப் புத்தகம் ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டிலோ வாசிப்பதற்குக் கலண்டர் ஒன்றுதான் இருந்தது.

அன்று பின்னேரமே, தோணி கரை தட்டுமுன் அவசரப்பட்டு எழும்பினேன். புத்தகம் தண்ணீரில் விழுந்தது. மாமா குதித்து எடுத்தார். தையல் விட்டுத் தாள் தாளாய்ப் பிரிந்து, பக்க எண் இருந்த அடிப்பக்கம் கூழாகியிருந்தது.

"அழாத புள்ள. வல பொத்துறவனுக்கு இதத் தைக்க ஏலாதா?"

பயத்தில் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. நான் பாயில் கிடக்க, மாமா தாள்களை நெல்லுப் போலப் பரப்பிக் காயவைத்து, வலை நூலால் முடிச்சுப் போட்டு இறுகத் தைத்துத் தந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. படங்களைப் பார்த்து அடுக்கியிருந்தார். நான் திறந்து பார்க்கவும் துணியவில்லை.

வகுப்பில் வாசித்தபோதுதான் தெரிந்தது. முதல் தாளிலேயே ஒரு தகப்பனின் தோணி கவிழ்ந்து கிடந்தது. நடுவில் அவன் செத்துப்போனான் என்று ஊர் அழுதது. 'ஒரு ஊரிலே' என்று தொடங்கும் தாள் கடைசியில் இருந்தது. அதில் அந்தத் தகப்பன் மகளைத் தோளில் வைத்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"செத்தவன் எப்படிடி வந்தான்?" என்று முன்பே அதை வாசித்திருந்த ஒருத்தி கத்த, வகுப்பே சிரித்தது.

டீச்சர் புத்தகத்தை வாங்கி முடிச்சுகளைத் தடவினார். "ஆர் தைச்சது?"

"மாமா, டீச்சர். அவருக்கு வாசிக்கத் தெரியா."

இனி அலுமாரி இல்லை என்று நின்றேன். அவர் அதைப் பிரிக்காமலே அலுமாரியில் வைத்துவிட்டு, இன்னொரு புத்தகத்தை எடுத்துத் தந்தார். "இதையும் நனச்சுப்போடாத."

பின்னேரம் மாமாவிடம் பாய்ந்தேன். "பிழையா தைச்சுப்போட்டீங்க! எல்லாரும் சிரிக்காங்க."

"கடைசிப் படம் வடிவா இருந்திச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு முந்தின மாரியில் அப்பாவும் மாமாவும் ஒரே தோணியில் போனார்கள். திரும்பி வந்தது மாமா மட்டும். அது டீச்சருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாமா பிழையாகத் தைக்கவில்லை என்பதுதான் எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள இத்தனை வயதும், பெறாமகளின் போனும் வேண்டியிருந்தன. மாமாவுக்கும் டீச்சருக்கும் சொல்லாத நன்றியை அவளுக்காவது சொல்லிவிட்டேன்.

அது எந்த வருட மாரி, புத்தகத்தில் எத்தனை படம் என்பதெல்லாம் சரியாக நினைவில்லை. தங்கையிடம் கேட்டு யாராவது திருத்திவிடுங்கள். கடைசிப் படத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.