இரும்பு விழும் சத்தம்

கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த, பளு தூக்கப் பழகும் தகரக் "கொட்டா"வில் இரும்பு விழுந்தால் முதலில் தரை அதிரும், பிறகு எங்கள் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும், அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வரும். சத்தம் கேட்டால், லூர்து அக்கா பாரத்தைக் கீழே விட்டுவிட்டாள், அது அவள்மேல் விழவில்லை என்று அர்த்தம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் அக்கா பளு தூக்கினாள், நான் பயந்தேன். நான் எட்டாவதோடு நின்றதற்கு வீட்டில் என்னென்னவோ காரணம் சொல்வார்கள். பள்ளிக்கூடம் வரைக்கும் அந்தச் சத்தம் எட்டாது என்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

அப்பா பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அக்கா முதன்முதலில் தோளில் ஏற்றியதும் அங்கே ஒரு வெங்காய மூட்டையைத்தான். "தொப்புன்னு போட்டா நாளைக்கு எவன் கூப்புடுவான்? கொழந்தைய எறக்கற மாதிரி எறக்கணும்" என்று சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்திருந்தார். கொட்டாவிலோ எல்லாம் தலைகீழ். தலைக்கு மேலே நிறுத்தி, நடுவர் சைகை காட்டியதும் விட்டுவிட வேண்டும். பாரம் பின்னால் சாய்ந்தால் சைகைக்குக்கூடக் காத்திருக்காமல் விட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். பழக்கிவிட்ட மாஸ்டர் தொண்டை கிழியக் கத்துவார்: "உட்ரு லூர்து, உட்ரு. அது ஒன்னும் உங்கப்பன் மூட்ட இல்ல."

அக்கா மெல்ல மெல்ல விடப் பழகினாள். இந்திய அணியில் சேர்ந்து வெளிநாடு போய் வெண்கலத்தோடு திரும்பிய அன்று அப்பா, "நான் தூக்குனா கூலி, நீ தூக்குனா ஏரோப்ளேனா?" என்று சிரித்தார். மார்க்கெட்டே மாலை போட்டது. இரண்டாம் முறை அவள் கிளம்பியபோது எல்லோரும் மாதா கோயிலில் தங்கத்துக்காக மெழுகுவத்தி ஏற்றினார்கள். நான், பாரம் சாய்ந்தால் அக்கா விட்டுவிட வேண்டும் என்று ஏற்றினேன்.

கடைசித் தூக்கலில் பாரம் பின்னால் சாய்ந்திருக்கிறது. அக்கா விடவில்லை. முழங்கை பிசகி, தோள் கிழிந்து, அத்தோடு அவளுடைய மேடை முடிந்தது என்று மாஸ்டர்தான் போனில் சொன்னார்.

திரும்பி வந்து ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தவளைப் பார்த்து அப்பா, "உட்டிருக்கலாமேம்மா" என்றார்.

"உடணும்னுதான்பா நெனச்சேன். கை கேக்கல."

அதற்குப்பின் அப்பா மார்க்கெட்டுக்குப் போனார், வந்தார். மூட்டையை எப்படி இறக்குவது என்று மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

இப்போது கொட்டா இருந்த இடத்தில் மாடி வீடு வந்துவிட்டது. அக்காவின் வலது கை காதுக்கு மேலே போகாது. வாசலில் வந்திறங்கும் தண்ணீர் கேனை அவள் இடது கையால் தூக்கி வரும்போதெல்லாம், கண் சரியாகத் தெரியாத அப்பா கட்டிலிலிருந்தே பதறுகிறார்: "போட்டுடும்மா, கீழ போட்டுடு. ஒடஞ்சா ஒடஞ்சிட்டுப் போவுது."

அக்கா போடுவதில்லை. முழங்காலை மடக்கி, குழந்தையை இறக்குவதுபோல் கேனை இறக்கிவைக்கிறாள். ஒரு சத்தமும் இல்லை, அலமாரியில் ஒரு டம்ளரும் அசைவதில்லை. நான் அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.