மூன்று நாள் மூத்திர டைரி

பெண்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறார்கள் என்று கேட்டு எழுதுவதுதான் என் வேலை. அதற்கு என் கார்டில் 'ஆய்வு ஒருங்கிணைப்பாளர்' என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு நான், நர்ஸைக் கூப்பிடுவதுபோல், வெறும் 'மிஸ்ஸி'.

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனை, பெண்களின் சிறுநீர்ப்பையைப் பற்றி ஓர் ஆய்வு. சேருகிற பெண்மணி தொடர்ந்து மூன்று நாள் டைரி எழுத வேண்டும். எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மில்லி, என்ன குடித்தார், கசிந்ததா. அளக்க ஒரு பிளாஸ்டிக் குவளையும் தருவோம். டைரியை நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். டைரி சரியென்று பச்சை விழுந்தால் பரிசோதனை உண்டு, அன்றைக்கே நிபுணரைப் பார்க்கலாம். சிவப்பு விழுந்தால் இன்னொரு வாய்ப்பு. மறுபடியும் சிவப்பு என்றால் வெளியே போய், அரசு பாலிகிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். படிவங்களோடு குடும்பம் நடத்தும் சக பாவிகளே, மிச்சத்தை உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

தேக்காவில் ஒரு மேசை

ஆய்வுக்குத் தமிழ்ப் பெண்கள் போதவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட் பக்கம் மேசை போடச் சொன்னார்கள். மேசைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு பேனர். 'சிறுநீரை அடக்க முடியவில்லையா?' என்று தேங்காய் அளவு எழுத்தில் கேட்டது. பாதி சொந்தக்காரர்கள் காய்கறி வாங்க வரும் இடத்தில், அந்த பேனருக்குக் கீழே எந்தப் பெண் வந்து நிற்பாள் என்று வடிவமைத்த மேதைக்குத் தோன்றவில்லை. வந்தவர்கள் எல்லாரும் சேறு கிடப்பதுபோல் எங்கள் மேசையைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மதியம்வரை ஒரே ஒரு அம்மா நின்றார். கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பை. தும்மினால் கசிவது, படியேறினால் கசிவது, பஸ்ஸில் பாதியில் இறங்க வேண்டி வருவது என்று அத்தனையும் புள்ளி விவரமாகச் சொன்னார். பெயர் என்னம்மா என்று பேனாவை எடுத்தேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"ஐயோ, எனக்கில்லம்மா, எங்க நாத்தனாருக்கு. அது கிடக்கட்டும், இங்க டாய்லட் எந்தப் பக்கம்? சீக்கிரம் சொல்லுமா!"

கணவரின் வாக்குமூலம்

மனைவிக்கான கேள்விகளுக்குக் கணவர்மார் பதில் சொல்வது எங்கள் அறையில் தினசரி வழக்கம். ஒருவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பரீட்சைக்கு வந்தவர்போல் உட்கார்ந்தார். மனைவி பின்னால் கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவசரமாகப் போக வேண்டி வருமா? "இல்ல." வலி உண்டா? "சேச்சே." ராத்திரி தூக்கத்தில் எத்தனை தடவை எழுந்திருப்பார்? "ஒரு தடவைகூட கிடையாது. முப்பது வருஷமா பக்கத்துல படுத்திருக்கேன், நான் பார்த்ததே இல்ல." அப்படியானால் எதற்கு வந்தார்கள் என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. அதற்குள் மனைவி முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"நாலு தடவை போட்டுக்குங்க மிஸ்ஸி. இவர் குறட்டை விடுறப்ப கட்டில்ல யார் இருக்கா, யார் இல்லன்னு இவருக்கு எப்படித் தெரியும்?"

நூற்றுக்கு நூறு

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். டைரியை பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்தார். அடித்தல் திருத்தல் இல்லை, முத்து முத்தான கையெழுத்து. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் 250 மில்லி. மூன்று நாளும் அப்படியே, ஒரு மில்லி முன்னே பின்னே இல்லை. கம்ப்யூட்டர் பளிச்சென்று பச்சை காட்டியது. எனக்கு சந்தேகம் வந்து குவளையைக் கேட்டேன். பையிலிருந்து எடுத்தார். அதன் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

டைரியின் முதல் பக்கத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு மாதிரி அச்சிட்டிருப்போம். அதைப் பார்த்து மூன்று நாளையும் நிரப்பியிருக்கிறார். ஆய்வை நடத்தும் எங்கள் டாக்டரிடம் சொன்னேன். பச்சை விழுந்த பிறகு கிளற வேண்டாம் என்றார். ஆசிரியை மட்டும் என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் கவலைப்பட்டார்.

"நீங்க கொடுத்த மாதிரியிலேயே அப்படித்தான்மா இருந்துச்சு. நான் எங்கயாவது தப்பா காப்பி பண்ணிட்டேனா?"

விஜயா அக்காவின் மூன்று வரி

விஜயா அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. வீடு புக்கிட் மேராவில். குவீன்ஸ்டவுன் பக்கம் ஒரு கொண்டோமினியக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை, காலை ஏழிலிருந்து மாலை ஏழுவரை. மாதத்துக்கு ஒரு தடவை எரிச்சலும் காய்ச்சலுமாக மருந்து வாங்குகிறவர். எழுந்து நின்றாலே கசிகிறது. நிபுணரைச் சீக்கிரம் பார்க்கலாம் என்ற ஒரே ஆசையில்தான் எங்களிடம் சேர்ந்தார்.

அவர் டைரியில் ஒரு நாளைக்கு மூன்றே வரி. காலை ஐந்தே முக்கால், இரவு எட்டு, இரவு பத்தரை. நடுவில் ஒன்றுமே இல்லை. கசிவுக் கட்டத்தில் மட்டும் வரிசையாக டிக். கம்ப்யூட்டருக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி என்றால் பிடிக்காது. 'பதிவு விடுபட்டது' என்று சிவப்பு விழுந்தது. பதினாலு மணி நேரம் போகாமல் இருக்கிறவள் உலகத்தில் இருக்க முடியாது என்று அந்த விதியை எழுதியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். நானும் அவர்கள் கட்சிதான். போனை எடுத்து, வேலை நேரத்தில் எழுத மறக்கலாமா, இப்படி அலட்சியமாக இருந்தால் வாய்ப்புப் போய்விடுமே என்று அவரை நன்றாகவே கடிந்துகொண்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"மறக்கல மிஸ்ஸி. போகல."

கார்ட் ஹவுஸ்

இரண்டாவது டைரியைக் கொடுக்க அவரால் வேலையை விட்டு வர முடியவில்லை. நானே வாங்கப் போனேன். கொண்டோமினிய வாசலில் காவலுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு, அதுதான் கார்ட் ஹவுஸ், ஒரு நாற்காலி, தடுப்புக் கட்டையைத் தூக்க ஒரு பொத்தான். கழிப்பறை பேஸ்மெண்ட் கார் பார்க்கின் கடைசியில், குப்பை அறைக்குப் பக்கத்தில். அவர் முழங்கால் வலியோடு போய்வரப் பதினைந்து நிமிஷம். முன்பு இரண்டு பேர் இருந்தார்களாம். ஒருவரை எடுத்துவிட்டு கேமரா வைத்துவிட்டார்கள். கேமரா ஒன்றுக்குப் போகாது, நல்ல யோசனைதான். போன வருஷம் ஒரு நாள் தாங்க முடியாமல் போய்விட்டு வருவதற்குள், காலி நாற்காலியை ஒரு குடித்தனக்காரர் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

மேசையில் தண்ணீர் பாட்டில் நிறைந்தபடி இருந்தது. குடிக்கவில்லையா என்று கேட்டேன். அதற்குள் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் எழுந்தார். எழும்போது ஒரு நொடி முகம் சுருங்கியதைப் பார்த்தேன். போனில் நான் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்து எனக்கு அவமானமாக இருந்தது. கட்டையைத் தூக்கிவிட்டு, காருக்கு சல்யூட் வைத்துவிட்டு, திரும்பி வந்து டைரியை நீட்டினார். அதே மூன்று வரி.

"குடிச்சா வரும் மிஸ்ஸி. வந்தா போகணும். அதான் குடிக்கிறதில்ல, நாலு வருஷமா இப்படித்தான் ஓடுது."

சுத்தமான டேட்டா

கம்ப்யூட்டர் சிவப்புக் காட்டினாலும் டாக்டர் கையெழுத்துப் போட்டால் பச்சையாகிவிடும். அதற்கென்று ஒரு கட்டமே இருக்கிறது. வெள்ளிக்கிழமையோடு ஆய்வை முடிக்கிறார்கள். புதன்கிழமையே டைரியோடு போய் நின்றேன். கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இந்தியப் பெண்கள் வெட்கத்தால் சரியாக எழுதித் தருவதில்லை என்று டாக்டர் ஸ்லைடு போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் அவரே இரண்டு தடவை எழுந்து கழிப்பறைக்குப் போய்வந்தார், வெட்கப்படாமல்.

கூட்டம் முடிந்ததும் கார்ட் ஹவுஸ், பேஸ்மெண்ட், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தம்மா எழுதியது உண்மை, நான் கண்ணால் பார்த்தேன், ஒரு கையெழுத்துப் போதும் என்று கெஞ்சினேன். கெஞ்சுவதற்கு எனக்குச் சம்பளம் கிடையாது என்றாலும் கெஞ்சினேன். அவர் டைரியைத் திறக்காமலே என் பக்கம் தள்ளினார்.

"சுமதி, டேட்டா க்ளீனா இருக்கணும்லா. நம்ம ஸ்டடி ப்ளாடரைப் பத்தி, டாய்லட்டைப் பத்தி இல்ல."

இரண்டு வரி

வியாழக்கிழமை விஜயா அக்காவுக்கு வார விடுமுறை. புக்கிட் மேராவில் அவர் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடையில் பார்த்தேன். லீவு நாள் என்பதால் தைரியமாக ஒரு பெரிய கிளாஸ் தே-ஓ, பால் விடாத டீ, குடித்துக்கொண்டிருந்தார். நான் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தேன். டைரியையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தேன். "அக்கா, ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு வரி சேர்த்திடுங்க. காலையில பதினொரு மணி, சாயங்காலம் மூணு மணி. இருநூறு, இருநூறுன்னு போட்டுடுங்க. யாரும் கேக்க மாட்டாங்க. பச்சை விழுந்துடும், நீங்க டாக்டரைப் பார்த்துடலாம்."

அவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். டைரியைப் பார்த்துவிட்டு மூடியை மறுபடி போட்டார். கோபம் ஒன்றும் இல்லை, கணக்குப் புரியாதவளுக்குச் சொல்லித் தருவதுபோல்தான் சொன்னார்.

"போகாததைப் போனேன்னு எழுதினா, டாக்டர் அந்தப் போன பொம்பளைக்குத்தானே மிஸ்ஸி மருந்து கொடுப்பாரு? எனக்கு யாரு கொடுப்பா?"

மறுநாள் அவர் பெயருக்கு நேராக 'ஒத்துழைக்கவில்லை' என்று நானே குறித்து, இனி யாரும் திருத்த முடியாதபடி டேட்டாவைப் பூட்டினேன். நினைத்த நேரத்தில் கழிப்பறைக்குப் போகக் கொடுத்துவைத்த பெண்களின் சிறுநீர்ப்பை எப்படி வேலை செய்கிறது என்பது இப்போது அறிவியலுக்குச் சந்தேகமறத் தெரியும்.