நிறுத்தி வைத்த முகம்

மதுரைப் பக்கத்துப் பெரியவர் இருந்தார். புனேயிலேயே பிறந்த கிறிஸ்தவர் ஒருவர் இருந்தார், அவருக்குத் தமிழ் பாதி, இந்தி பாதி. தர்மபுரிக்காரன் இருந்தான். கேட் வாட்ச்மேன் இருந்தார், மராட்டிக்காரர். ஐந்தாவது ஆள் நான்.

வாட்ச்மேனைத் தவிர மற்ற நாலு பேரும் டிரைவர்கள். புனே ஹடப்சரில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றி இறக்குகிறோம். மதிய ஷிப்டுக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினால், காலையில் வந்த ஆபீஸ் ஆட்கள் ஆறு மணிக்கு வெளியே வரும்வரை வேலை இல்லை. கம்பெனிக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் என் வண்டி மட்டும் மர நிழலில் நிற்கும். டப்பாச் சோறு சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் அதில் ஏறுவார்கள். என் போனை டேஷ்போர்டில் சாய்த்து வைத்து முந்தின நாள் டிவி நாடகத்தைப் பார்ப்போம்.

ஆரம்பித்து வைத்தவர் பெரியவர். அவர் சம்சாரம் ஊரில். போனில் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த அம்மா பார்க்கும் நாடகத்தை இவரும் பார்க்கத் தொடங்கினார். இப்போது அரை மணி நேரம் பேசுகிறார்கள். அதைக் கண்டு நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாடகத்தில் யாராவது பேசாமல் நிற்பார்கள். கேமராக்காரன் அந்த முகத்தை மூன்று தரம் காட்டுவான். அந்த இடத்தில் பெரியவர் போனைத் தொட்டு நிறுத்துவார். இந்த முகத்துக்குள் என்ன ஓடுகிறது என்று ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். பிறகு ஓடவிடுவோம். சில சமயம் விடை அன்றே தெரியும். சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். தப்பாகச் சொன்னவன் மற்றவர்கள் வண்டிக் கண்ணாடியைத் துடைக்கவேண்டும்.

வாட்ச்மேன் மட்டும் வாய் திறக்கக்கூடாது. இதே கதை மராட்டியில் முன்பே வந்து முடிந்துவிட்டது. அவர் வீட்டில் கடைசிவரை பார்த்தாகிவிட்டது. தமிழ் தெரியாவிட்டாலும் முகத்தைப் பார்த்தே எந்த இடம் என்று சொல்லிவிடுவார். சொன்னால் பந்தயம் கெட்டுவிடும். அதனால் உள்ளே ஏறும்போதே பெரியவர் உதட்டில் விரல் வைத்துக் காட்டுவார்.

அந்த மாதம் நாடகத்தில் மூத்த மருமகள் புருஷனோடு மனஸ்தாபப்பட்டுத் தாய்வீடு போயிருந்தாள். தர்மபுரிக்காரன் வீட்டிலும் அதுதான். பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். எங்களிடம் பிள்ளைக்குக் காது குத்து என்று சொல்லியிருந்தான். நாங்கள் நம்பினோம்.

அன்று வந்த காட்சி இது. தாய்வீட்டில் அவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். போன் அடிக்கிறது. புருஷன். பார்க்கிறாள். எடுக்கவில்லை. தலையணைக்கு அடியில் வைக்கிறாள். முகம் மூன்று தரம் வந்தது. பெரியவர் நிறுத்தினார்.

"திமிருப்பா. வேறென்ன?" என்றார்.

கிறிஸ்தவர் சிரித்தார். "அரே, சார்ஜ் கம்மியா இருக்கும். என் வீட்டுக்காரியும் அப்டிதான் போல்தி ஹே, சார்ஜ் இல்லன்னு."

"ஒன் வீட்டுக்காரிக்கு ஒன்னையத் தெரியும்யா, அதான் எடுக்க மாட்டேங்குது" என்ற பெரியவர் தர்மபுரிக்காரன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா."

தர்மபுரிக்காரன் சொல்லவில்லை. என்னைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்ணா. இப்ப அவன் என்ன பண்ணணும்? போய்க் கூப்புடணுமா?"

அது வழக்கத்தில் இல்லாத கேள்வி. முகத்துக்குள் என்ன என்றுதான் கேட்போம், என்ன செய்யணும் என்று கேட்பதில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை.

"போவக் கூடாது" என்றேன். "போனா இன்னும் முறுக்குவா. வுட்டுடணும். தானா வருவா."

"நெசமாங்ணா?"

"நெசம்தான்."

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அதனாலோ என்னவோ, பேசினால் எடுத்துக்கொள்வார்கள். கிறிஸ்தவர் அதை வாட்ச்மேனுக்கு இந்தியில் சொன்னார். வாட்ச்மேன் இல்லை என்று தலையை ஆட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியவர் உதட்டில் விரல் வைத்தார். மனிதர் வெளியே பார்த்துக்கொண்டார்.

அன்று தர்மபுரிக்காரன் வண்டியில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு துணிப்பை இருந்தது. துவைக்கிற துணி என்று நினைத்தேன். மறுநாள் அது இல்லை.

அதிலிருந்து பதினோராம் நாள் விடை வந்தது. மருமகளின் தங்கை கேட்கிறாள், வேண்டாம் என்றால் எதற்கு இன்னும் பையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறாய் என்று. அவள் அழுதுவிட்டாள். கூப்பிட வருவான் என்று தினமும் வாசலைப் பார்த்திருக்கிறாள். மூன்று பேர் சொன்னதும் தப்பு, ஆனால் அடித்துச் சொன்னவன் நான். பெரியவர் துணியை எடுத்து என் மடியில் போட்டார்.

"போய்யா. பேசாத சாமி பேசுச்சுன்னு நானும் நம்பிட்டேன். நல்லா அழுத்தித் தொடை."

இரண்டு வண்டி துடைத்தேன். மூன்றாவது தர்மபுரிக்காரன் வண்டி. அவன் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்கு வெளியே நான், உள்ளே அவன். துடைக்கத் துடைக்க முகம் தெளிவாகத் தெரிந்தது. அழுதிருந்தான்.

பக்கத்து ஜன்னலுக்குப் போனேன். "என்னடா?"

"எம் பொண்டாட்டி போயி முப்பத்தாறு நாளாச்சுங்ணா."

"காது குத்துன்னியே?"

"இல்லீங்ணா. அவங்கப்பாவ ஒரு வார்த்த சொல்லிட்டேன். போன்ல அவரு காதுல வுழற மாதிரியே சொல்லிட்டேன். அன்னிக்கே கெளம்பிட்டா."

"நீ போயிக் கூப்டலையா?"

"அன்னிக்குப் பை எல்லாம் எடுத்து வச்சிருந்தேன். டூட்டி முடிச்சுக் கெளம்பறதா இருந்துச்சு. நீங்கதான் போவக் கூடாதுன்னீங்க."

"அது நாடகத்துக்குச் சொன்னதுடா."

"எனக்கும் சேத்துத்தாங்ணா கேட்டேன்."

துணி கையில் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் தரம் தப்பாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கேட்டுக்குப் போய் வாட்ச்மேனைக் கூட்டிவந்தேன். இந்தியில் விஷயத்தைச் சொல்லி, அன்றைக்கு என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் என்னிடம் பேசவில்லை. நேரே தர்மபுரிக்காரனிடம் கேட்டார். அவர் பேசியது இந்தி. நான் தமிழில் எழுதுகிறேன்.

"உன் வீட்டுக்காரி போனை அணைத்து வைத்திருக்கிறாளா?"

"இல்லை. அடிக்கிறது. எடுப்பதில்லை."

"முப்பத்தாறு நாளும் அடிக்கிறதா?"

"அடிக்கிறது."

"அப்படியென்றால் தினமும் சார்ஜ் போடுகிறாள். பேசவே வேண்டாம் என்கிறவள் எதற்கு சார்ஜ் போடவேண்டும்? நாடகத்திலும் அவள் தலையணைக்கு அடியில்தான் வைத்தாள், அணைக்கவில்லை. நீங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் கையைப் பார்த்தேன்."

பெரியவரும் வந்து நின்றிருந்தார். "அன்னைக்கே சொல்லித் தொலச்சிருக்கலாம்ல" என்றார் தமிழில். பிறகு தன் விரலைத் தானே பார்த்தார்.

தர்மபுரிக்காரன் ஆறு மணிக்கு ஏற்றவேண்டியவர்களைப் பெரியவரும் நானும் பிரித்துக்கொண்டோம். கிறிஸ்தவர் அவனை ஸ்கூட்டரில் ஸ்வார்கேட் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பையில்லாமல் போனான். கம்பெனியில் அவனுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். பொய்தான். சொன்னேன்.

மறுநாள் மதியம் அவன் இல்லை. நாடகம் போட்டோம். யாரும் நிறுத்தவில்லை. ஒரே ஓட்டமாக ஓடி முடிந்தது.

ஐந்து மணிக்குப் போன் வந்தது.

"வந்துட்டேங்ணா."

"என்ன சொன்னா?"

"மொதல்ல அவங்கப்பா கால்ல வுழுந்தேன். அவரு சரி சரின்னுட்டாரு. இவ பேசவே இல்ல. தண்ணி கொண்டாந்து குடுத்தா. குடிச்சேன். சொம்ப வாங்கறப்ப ஒண்ணு சொன்னா."

"என்னா?"

"முப்பத்தேழுன்னா."

"வருவாளாமா?"

"துணி மடிக்கறாங்ணா. சத்தங் கேக்குது."

சரி, சாப்பிடு என்று வைத்துவிட்டேன்.

அந்த வாரமே கூட்டிவந்துவிட்டான். ஒருநாள் எங்கள் நாலு பேரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். அந்தப் பெண் பரிமாறியது. எனக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றியது. நான் சொன்ன பேச்சு அதற்குத் தெரியுமா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கையைப் பார்த்தேன். கையிலும் தெரியவில்லை. அவனிடமும் நான் கேட்கவில்லை.

பந்தயம் இப்போதும் நடக்கிறது. வாட்ச்மேன் பேசலாம் என்று மாற்றிவிட்டோம். நான் மட்டும் சொல்வதில்லை. என் முறை வந்தால் துணியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன்.

அன்றைக்கே பஸ் ஏறியிருந்தால் அந்தப் பெண் இருபத்தாறு என்று சொல்லியிருக்கும். சொன்னது முப்பத்தேழு. நடுவில் இருப்பது என்னுடையது.

பதினொன்று.