மாடி வீட்டுத் தனித்தட்டுகள்

சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் விருந்தென்றால், முனவ்வறாவின் அடுப்பு முதல் நாளே மூண்டுவிடும். கணவர் மவுத்தான பின்னர், சோறாக்கிக் கொடுத்தே இரண்டு பெண்மக்களையும் கரைசேர்த்தவள் அவள். அவளுடைய கைப்பக்குவத்தில் எவரும் குறை கண்டதில்லை. வாய்தான் அவளுக்குச் சற்று நீளம்.

கல்முனையில் ஒரு மாடி வீடு இருந்தது. பெரிய வியாபாரிகளும் சட்டத்தரணிகளும் மாதந்தோறும் அங்கே கூடுவார்கள். என்ன கதைக்கிறார்கள் என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வருகிறவர்கள் தங்கள் கைபேசிகளை வாசலிலுள்ள கூடையில் போட்டுவிட்டுத்தான் மேலே ஏறவேண்டும். முனவ்வறாவும் சோற்றை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவாள். கூடைக்குள் கைபேசிகள் மாறி மாறி அலறுவதை மட்டும் கேட்டிருக்கிறாள்.

வழக்கமாக, அறுவர் தரையில் ஒரே தட்டத்தைச் சூழ்ந்திருந்து உண்ணும் சஹன் சாப்பாட்டுக்கே சொல்லியனுப்புவார்கள். ஒரு மாதம் மட்டும், ஆளுக்கொரு தட்டு வேண்டும், உறைப்பையும் குறைக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் பக்கத்து வீட்டுச் சுல்பிகாவோடு சட்டிகளைக் கழுவும்போது முனவ்வறாவின் வாய் சும்மா இருக்கவில்லை.

"தனித்தட்டாம், உறைப்பும் வேணாமாம். வெள்ளக்காரன் வந்திரிப்பான் புள்ள. கடக்கரையில ஹோட்டல் கட்டப் போறாங்களாக்கும்."

"அப்ப மீன்காரங்கட வாடியெல்லாம் ஒடைப்பாங்களா ராத்தா?"

"ஒடைக்காம, பூ வெச்சு அழகு பாப்பாங்களா?"

இருவரும் சிரித்தார்கள். சட்டிகளும் காய்ந்தன, பேச்சும் மறந்துபோயிற்று.

அந்தக் கிழமை முடிவதற்குள் தம்பி ஹாதிக் வந்து நின்றான். கடற்கரையில் வலைகளை வைக்க அவனுக்கு வாடி என்னும் ஓலைக் கொட்டில் ஒன்று உண்டு. அதன் முன்னே அவனுடைய தோணி கிடக்கும். அவன் குடும்பத்தின் சோறு அந்தத் தோணியிலிருந்துதான் வந்தது.

"தோணியையும் வலையையும் விக்கப் போறன் ராத்தா. வாங்குற பொத்துவில் ஆள் பின்னேரம் அஸருக்கு வாறார்."

"என்னடா விசர்க்கதை கதைக்கிறாய்?"

"கடக்கரையில ஹோட்டல் வருகுதாம். வாடிய ஒடைச்சா தோணிய எங்க கட்டுற? உங்கட கூரையிலயா? மீன் ஏலம் கூறுறவர் சொல்றார், ஓட்டோ றஸாக் சொல்றார், பேஸ்புக்கிலயும் வந்திரிக்கி. மூணு பக்கத்தால வந்த கதை பொய்யாகுமா?"

 தான் நினைத்ததே நடந்துவிட்டதே என்று முனவ்வறாவும் நம்பினாள்.

அவன் போனதும் கைபேசியில் அந்தச் செய்தியைத் தேடியெடுத்தாள். 'நம்பத்தகுந்த வட்டாரங்களின்படி, உறைப்புக் குறைந்த உணவு தனித்தட்டுகளில் பரிமாறப்பட்ட இரகசியக் கூட்டத்தில்...' அதற்கு மேல் அவளால் வாசிக்க இயலவில்லை. தட்டுக் கதையை அவள் சுல்பிகாவிடம் மட்டுமே சொல்லியிருந்தாள்.

வேலியோரம் போய்க் கேட்டாள். "புள்ள, நான் சொன்னத ஆரிட்டச் சொன்ன நீ?"

"எங்கட ஊட்டுக்காரர் றஸாக்கிட்ட மட்டுந்தான் ராத்தா. அவர்தான் மீன் ஏலத்தடியில கதைச்சிருப்பார்."

பேஸ்புக்கில் அந்தச் செய்திப் பக்கத்தை நடத்துகிறவனும் அங்கேதான் நாள்தோறும் மீன் வாங்குகிறான். ஹாதிக் சொன்ன மூன்று பக்கங்களும் அவளுடைய முற்றத்திலேயே வந்து முடிந்தன.

அபாயாவை மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு விரைந்தாள். ஹாதிக் வலைகளை மடித்துக்கொண்டிருந்தான்.

"விக்காதடா. அந்தக் கதை நான் சொன்ன கதை."

"நீங்க சொன்னதா? உங்களுக்கு ஆர் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. தட்டப் பாத்து நானே நெனச்சன்."

"அப்ப ஹோட்டல் வராதா?"

"வருமா வராதா எண்டு எனக்குத் தெரியா. கதவு வரைக்குந்தான் நான் போனன். ஒராளையும் காணல்ல."

  "நல்ல 'நம்பத்தகுந்த வட்டாரம்' ராத்தா நீங்க!" என்று ஹாதிக் பல்லைக் கடித்தான். ஆயினும் பொத்துவில்காரரின் மோட்டார் சைக்கிள் மணலருகே வந்து நின்றபோது, மடித்த வலையை மறுபடியும் விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"விக்கிறல்ல காக்கா," என்று அண்ணன் முறை வைத்து அவரிடம் சொன்னான். "வாடிய ஒடைக்கச் சொல்லிக் கடுதாசியோட ஆரும் வந்தா அப்ப பாப்பம். ஒரு பிளேன்டி குடிச்சிட்டுப் போங்க."

அடுத்த மாதமும் மாடி வீட்டார் தனித்தட்டே கேட்டார்கள். சோற்றை வாங்க வந்த வேலையாள், ஹாஜியார் ஒருவருக்கு முழங்கால் நோவாம், தரையில் குந்தியிருந்து சாப்பிட ஏலாதாம் என்று தானாகவே சொன்னார். உறைப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"என்ன ராத்தா, இண்டைக்கு என்ன புதினம்?" என்று சட்டிகளோடு வந்து குந்தினாள் சுல்பிகா.

முனவ்வறா வாயைத் திறந்தாள்; மூடினாள்.

"சோறு குடுத்தன், வந்திட்டன். அந்தச் சட்டிய இஞ்சால தா."