வாசிக்காமல் விட்ட வரி

ஒரு பெரியவரை ஏமாற்றிக் கைநாட்டு வாங்கினேன். என் கணவருக்குக்கூட இது தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

என் கணவரின் அக்கா செல்வி மதினியோடு சேர்ந்து, திருச்சுழிப் பக்கத்து மானாவாரி நிலங்களைக் கைமாற்றி விடுகிறேன். நாங்கள் நிலம் வாங்குவதில்லை. சிறு முன்பணம் கொடுத்து, மூன்று மாதக் கெடுவில் அக்ரிமென்ட் போடுவோம். கெடுவுக்குள் வாங்கும் ஆளைப் பிடித்து, நேராக அவர் பெயருக்கே கிரயம் செய்ய வைப்போம். விலையில் நிற்கும் வித்தியாசம் எங்களுக்கு.

இதை மறைத்துச் செய்பவர்கள் உண்டு. மதினி மறைத்ததே இல்லை. ‘தங்களுக்கோ, தாங்கள் காட்டும் நபருக்கோ கிரயம் எழுதித் தர சம்மதிக்கிறேன்’ என்ற வரியை விற்பவருக்கு இரண்டு முறை வாசிப்பார். அவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகே மை டப்பாவைத் திறப்பார்.

“அப்ப பொண்ணு பாக்குறது நீ, தாலி கட்டுறது வேறொருத்தனா?” என்று பந்தல்குடிக்காரர் ஒருவர் கேலி செய்தார்.

“ஆமாண்ணே. சம்மந்தம் பேசுறவளுக்கு ஒரு சேலை கெடைக்கும்ல” என்றார் மதினி. அவர் சிரித்துக்கொண்டே கைநாட்டு வைத்தார். உண்மையைச் சொல்லியே ஒரு காரியத்தை முடிக்க முடியும் என்று நான் கண்டது மதினியிடம்தான்... பிறகு ஏன் அப்படிச் செய்தேன்?

நரிக்குடிப் பக்கம் ஆடு வளர்க்கும் கருப்பையா அய்யாவின் இரண்டு ஏக்கர், நானாகத் தேடிப் பிடித்த முதல் நிலம். அதற்குப் பின்னால் இருந்த அரை ஏக்கரை அவர் ஆடுகளுக்காக வைத்துக்கொண்டார். விற்கும் நிலத்தின் ஊடே போகும் பாதைதான் அதற்கு வழி.

அக்ரிமென்ட் அன்று, போன் பேச டவர் கிடைக்கவில்லை என்று மதினி கண்மாய்க் கரைமேல் ஏறிப்போனார். நான் வாசிக்கத் தொடங்கினேன். என் இடுப்பில் குழந்தை.

“பாதைய எழுதணுமா, தாயி?” என்று கேட்ட பெரியவர், தானே பதிலும் சொல்லிக்கொண்டார். “எதுக்கு... பிள்ளைக்காரி நீ வாங்குற. வழியவா மறிக்கப் போற?”

அடுத்து வாசிக்க வேண்டியது ‘தாங்கள் காட்டும் நபருக்கோ’ என்ற அந்த வரி. வாசித்தால் மறுத்துவிடுவாரோ என்று பயந்தேன். அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன்.

மதினி திரும்பி வந்தார். “எல்லாம் வாசிச்சிட்டியா?”

“வாசிச்சிட்டேன் மதினி.”

எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்!

கிரயத்தன்று பத்திர ஆபீஸில், நாங்கள் வாங்குவதற்குப் பிடித்திருந்த மதுரைக்காரர் வந்து நின்றார். மறுநாளே கம்பிவேலி போட ஆள் சொல்லிவிட்டதாகப் பேசிக்கொண்டிருந்தார். பெரியவர் விழித்தார். “இவுக யாரு? வேலி போட்டா எம் ஆடு எந்த வழியாப் போகும்?”

மதினி என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம், “அய்யா, அன்னைக்கு இவ, நாங்க காட்டுற ஆளுக்கு எழுதித் தரணும்ங்கிற வரிய வாசிக்கலையா? இல்லைன்னா சொல்லுங்க. இப்பவே கிழிச்சிருவோம். பாதைய வச்சு வேற எழுதுவோம்” என்றார்.

கிழித்திருப்பார்... எனக்குத் தெரியும்.

பெரியவர் என்னை வெகுநேரம் பார்த்தார். குழந்தை என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“இந்தப் பொண்ணு வாசிச்சுச்சு, தாயி. கெழட்டு மண்டை... நாந்தேன் மறந்துட்டேன்.”

நான் வாய் திறந்தேனா? இல்லை. ஒரே ஒரு சொல் போதும். பாதை அவருக்கு நிலைத்திருக்கும். தன் பாதையை விட்டுக்கொடுத்து அவர் என் மானத்தைக் காப்பாற்றினார். அவரிடம் அதைக் கேட்டது யார்? அவ்வளவு பெரிய மனம் எனக்கு முன்னால் நின்றபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வேலி வந்து இரண்டு வருஷமாகிறது. அவர் ஆடுகளைக் கண்மாயைச் சுற்றி ஓட்டிப் போகிறார். போன மாதம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது, “பிள்ளை பள்ளிக்கூடம் போகுதா?” என்று மட்டும் கேட்டார். போகிறது என்றேன்.

வரும் புதன்கிழமை மல்லாங்கிணற்றில் ஒரு அக்ரிமென்ட். இந்த முறை மதினி வரவில்லை.

“நீ வாசிச்சா நான் பக்கத்துல நிக்கணும்னு இல்ல” என்கிறார்.

சரி மதினி என்று சொல்லியிருக்கிறேன்.