படுத்த மரமும் பாய்ந்த படகும்

படகு விடுகிறவர் நனைந்தால் சாகசம்; படகு தைக்கிறவன் நனைந்தால் வெறும் ஜலதோஷம். பிறருடைய பொழுதுபோக்கில் வயிறு வளர்த்த என் இனத்தாருக்கு இது சொல்லாமலே புரியும்.

ஐம்பதுகளில் பெங்களூர் ஜீவனஹள்ளியில் கூடாரம் தைத்துக்கொண்டிருந்தேன். ரங்கநாதன் என்ற தொழிற்சாலை அதிகாரியும் சில நண்பர்களும் 'கயாக்' வைத்திருந்தார்கள். ஒருத்தர் மட்டும் உட்காரும் குட்டிப் படகு. மரச்சட்டத்தின் மேல் கான்வாஸ். மழைக்காலத்து ஞாயிறுகளில் ஆனேக்கல்லுக்கு அப்பால் மலையோடை ஒன்றில் விடுவார்கள். ஊசி நூலோடு நானும் லாரியில் ஏறுவேன்.

முதல் கிழிசல்

தண்ணீருக்குள் கிடந்த கிளை ஒன்று ரங்கநாதன் சாரின் புதுப் படகை அடிவயிற்றில் நீளமாகக் கிழித்துவிட்டது. கரையேறி, சட்டையைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

"ஏம்பா, கிழியாத துணியே உன் கடையில கெடையாதா?"

தோள் சவாரி

ஓடை திரும்பும் இடத்தில் பெரிய மருதமரம் ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது. அதன் கிளைகளுக்குள் தண்ணீர் நுழைந்து போய்விடும். படகு நுழைந்தால் வெளியே வராது. அதனால் முன்னாலேயே இறங்கி, கரையோடு சுற்றிப் போகவேண்டும். படகு என் தோளில்.

எங்களுக்கு எமனாக இருந்த அந்த மரம்தான் அக்கரை ஊருக்குப் பாலம். பால் கேனோடு அதன்மேல் நடந்துவந்த முனியம்மா, என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அண்ணா, படகு ஆளைத் தூக்கிட்டுப் போகும்னு இல்ல நெனச்சேன்!"

சார் இறங்கவில்லை

ஒரு ஞாயிறு சார் இறங்க மறுத்தார். நான் கரையிலிருந்து கத்தினேன். படகு கிளைகளுக்குள் பாய்ந்து இரண்டாக மடிந்தது. ஊர்க்காரர்கள் மரத்தின்மேல் தவழ்ந்துபோய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். முனியம்மா தன் கம்பளியைப் போர்த்திவிட்டாள். பல் தந்தியடித்த நிலையிலும் சார் தன் செயலுக்குச் சமாதானம் சொன்னார்.

"எத்தனை தடவைதான்பா சுத்திக்கிட்டுப் போறது?"

கம்பளி

இனிமேல் படகே கூடாது என்று சாரின் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படகுகளை விற்றார்கள், கூட்டம் கலைந்தது. இனி வரமாட்டோம் என்று அந்த ஊருக்கு ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. உயிரைக் காப்பாற்றியவர்களிடம் சொல்லாமல் விட்டோமே என்று இன்றும் மனசை அறுக்கிறது.

பிறகொரு நாள் யாரோ ஒருவர் கல்யாணத்துக்குப் பந்தல் துணி கொடுக்க ஆனேக்கல் போனபோது, அன்று எங்களோடு லாரியில் வந்துவிட்ட முனியம்மாவின் கம்பளியையும் கையோடு எடுத்துப் போனேன். ஓடையில் மரம் இல்லை. இரு கரையிலும் வெட்டிய துண்டுகள்தான் கிடந்தன. நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கம்பளியை எப்படிக் கொடுப்பது என்று நின்றேன். அக்கரையில் பால் கேனோடு முனியம்மா வந்தாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. அக்கரையிலிருந்தே கத்திச் சொன்னாள்.

"ஊரே சேந்து மரத்தை எடுத்துட்டோம் அண்ணா, இனிமே சாருக்குப் பயமில்ல! எங்களுக்கென்ன, நாங்க சுத்திக்கிட்டுப் போயிக்கிறோம்."

சுற்றிப் போக அலுத்துக்கொண்டவர் வீட்டோடு இருந்துவிட்டார். அந்த ஊர்தான் சுற்றிக்கொண்டிருந்தது.