அனிற்றா திரும்பிப் பார்த்த பெரிய சனி

எங்கள் மகளுக்குக் காது கேட்கவில்லை என்பதை ஒரு சீனவெடிக் கட்டுத்தான் எங்களுக்குச் சொன்னது.

புதுவருடப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த காலை அது. மன்னார்த் தீவில் கீரிக் கடற்கரைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அடுத்த வளவுப் பெடியன்கள் எங்கள் வேலியோரம் ஒரு நீள வெடிக்கட்டைக் கொளுத்திப் போட்டார்கள். நாய் கட்டிலுக்குக் கீழே ஓடி ஒளிந்தது. நானே துள்ளி எழும்பினேன். ஏணைத் தொட்டிலுக்குள் கிடந்த அனிற்றா கண் திறக்கவில்லை. ஒரு வயதுப் பிள்ளை. "பயமறியாத பிள்ளை" என்று வந்திருந்தவர்கள் மெச்சினார்கள். நானும் பெருமையாகச் சிரித்தேன். என் மனைவி றெஜினா மட்டும் சிரிக்கவில்லை.

சனம் போனதும் அவள் ஒரு சட்டியையும் அகப்பையையும் எடுத்துவந்து பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று அடித்தாள். அனிற்றா தன் பாட்டில் போத்தல் மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள். றெஜினா சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளைக்குக் கேக்கேல்லயப்பா."

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிய பரிசோதனை செய்யவேண்டும் என்றார்கள். ஈஸ்டர் கழித்துத்தான் திகதி கிடைத்தது. அதுவரை எங்களுக்கு ஜெபத்தைத் தவிர வேறு வேலை இல்லை. உள்ளதைச் சொல்லுகிறேன், நான் செய்தது ஜெபம் அல்ல, சண்டை. பகலில் படகு எஞ்சின் திருத்துவது என் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோர்ட் வாசிப்பேன். "ஆண்டவரே, இத்தனை வருடமாக உமக்கு வாசிக்கிறேன், என் வீட்டுக்குள்ளேயே நான் வாசிப்பது கேளாத ஒரு பிள்ளையைத் தந்தீரே" என்று பீடத்துக்கு முன்னால் நின்று கேட்டேன். அவளுடைய காது முழுதாகத் திறக்கவேண்டும், அதுவும் பரிசோதனைக்கு முன்னால் திறக்கவேண்டும், மருத்துவர்கள் வாயில் விரல் வைக்கவேண்டும். இதுதான் என் மன்றாட்டு. ஆண்டவருக்கு வேலை சொல்லிக் கொடுப்பதில் எனக்கு அப்போது ஒரு குறையும் இல்லை.

றெஜினா கேட்டது வேறு. ஒருநாள் செபமாலை முடிந்ததும் அவள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. "மாதாவே, என்ர குரல் ஒருக்காலாவது அவளுக்குப் போகட்டும். ஒரேயொருக்கா."

பாடகர் குழுவில் நல்ல குரல் அவளுடையதுதான். ஆனால் அந்தப் புதுவருடத்துக்குப் பிறகு அவள் பாடவில்லை. குழுவைப் பழக்கும் சிஸ்டர் இரண்டு தரம் வீட்டுக்கு வந்து கேட்டார். "என்ர பிள்ளை கேளாத பாட்டு எனக்கு என்னத்துக்கு, சிஸ்டர்?" என்றாள். சிஸ்டர் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்.

தவக்காலம் வந்தது. குருத்து ஞாயிறு மாலை பங்கு இளைஞர்கள் இயேசுவின் பாடுகளின் நாடகம் போட்டார்கள். அதில் வானத்திலிருந்து பிதாவின் குரல் வரும். அந்தக் குரலுக்குக் கிடைத்த தம்பிக்கோ கீச்சுக் குரல். "அண்ணை, ஏதாவது செய்யுங்கோ, சனம் சிரிக்கப் போகுது" என்று கெஞ்சினான். கீபோர்ட்டில் இதற்கு வழி உண்டு. மைக்கை அதிலேயே செருகலாம். செருகின குரல் எந்த இஃபெக்ட் வழியாகப் போகவேண்டும், எந்த வாசலால் வெளியே வரவேண்டும் என்பதையெல்லாம் நாம் உள்ளே தீர்மானித்து வைக்கலாம். நான் அவனுடைய குரலை ஒரு ஸ்தாயி கீழே இறக்கும் இஃபெக்டுக்குள் விட்டேன். அதற்குப் பிறகு, பெரிய கோயிலுக்குள் பேசுவது போன்ற எதிரொலி கொஞ்சம். வெளியே வரும்போது சாதாரண ஸ்பீக்கருக்குப் போகாமல், கீழ்ச் சத்தத்தை அடிக்கிற பேஸ் பெட்டிக்கு மட்டும் போகும்படி திருப்பிவிட்டேன். அந்தப் பெட்டி எருக்கலம்பிட்டி றபீக் நானாவுடையது. சவுண்ட்ஸ் வாடகைக்கு விடுகிறவர், என் பழைய கூட்டாளி. நாடகத்தில் தம்பி வாய் திறந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் தாய்மாரின் மடியில் ஏறிவிட்டார்கள். எனக்கோ தலைகால் தெரியாத சந்தோஷம். அந்த அமைப்பை அப்படியே கீபோர்ட்டில் பதிந்தும் வைத்தேன். பிறகு அதை மறந்துவிட்டேன்.

பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' கீதம் பாடி முடிந்தால், ஈஸ்டருக்கு முந்திய சனி இரவுப் பாஸ்காப் பூசை வரை எங்கள் கோயிலில் வாத்தியம் தொடுவதில்லை. அதனால் கீபோர்ட்டையும் பேஸ் பெட்டியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாஸ்காவுக்கு மணியோசை, எக்காளம் எல்லாம் சரிபார்த்துவைக்கவேண்டும். பெட்டியைச் சனி மத்தியானம் வந்து எடுப்பதாக நானா சொல்லியிருந்தார். அவருக்கு ஒரு கலியாண வீட்டு வேலை இருந்தது.

சனி காலை எல்லாவற்றையும் விறாந்தையில் வைத்து வயர்களைப் பூட்டினேன். சிஸ்டர் கடைசியாக ஒருமுறை கேட்கச் சொல்லியிருந்தார், அல்லேலூயாவை றெஜினா தனியாகப் பாடுவாளா என்று. அடுப்படியில் நின்றவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

"ஒரு வரி மட்டும் பாடும். பிடிக்காட்டி விடும்."

"உங்களோட பெரிய கரைச்சல்" என்று சொல்லிக்கொண்டே மைக்கை வாங்கினாள். அந்த நேரம் பார்த்து அனிற்றா தத்தித் தத்திப் போய் வயரில் கை வைத்தாள். கேளாத பிள்ளையென்றாலும் தாய் வாய் சும்மா இருக்குமா? "அனிற்றா, அதைத் தொடாத!" என்று மைக்கைப் பிடித்தபடியே சத்தம் போட்டாள்.

நான் மறந்திருந்த நாடக அமைப்பு எப்படியோ திறந்து கிடந்திருக்கிறது. பேஸ் பெட்டிக்குள் இருந்து பிதாவின் குரல் இடித்தது. "அனிற்றா, அதைத் தொடாத!"

பிள்ளை வயரை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் எங்களைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கி, இது யார் புதிதாக வந்திருப்பது என்பது போலப் பார்த்தாள். "இன்னொருக்காச் சொல்லும்" என்றேன். றெஜினா மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தாள். "அனிற்றா" என்றாள். பெட்டி "அனிற்றா" என்று உறுமியது. பிள்ளை சிரித்தாள்.

சந்தோஷத்தில் கத்தவேண்டிய நான் சந்தேகப்பட்டேன். பேஸ் பெட்டி அடித்தால் நிலமும் அதிரும். காலில் பட்ட அதிர்வாக இருக்கலாம். ஆசைப்பட்டு மோசம் போகக்கூடாது என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்து மணலில் இறங்கினேன். வேப்பமரத்தடி வரை போய், வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றேன். பிள்ளையின் முகம் கடல் பக்கம். உள்ளேயிருந்து பெட்டி கூப்பிட்டது. என் தோளில் கிடந்த தலை நிமிர்ந்து வீட்டுப் பக்கம் திரும்பியது. மறுபடியும் கூப்பிட்டது. மறுபடியும் திரும்பியது. நான் மணலிலேயே முழந்தாளிட்டேன். என்ன ஜெபித்தேன் என்று நினைவில்லை. அழுதது மட்டும் நினைவிருக்கிறது.

பிறகு றெஜினா போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்தாள். பிள்ளை பெட்டியைப் பார்த்தாள், தாயின் வாயைப் பார்த்தாள், திரும்பப் பெட்டியைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் பெட்டியை விட்டுவிட்டாள். தாயின் வாயில் விரலை வைத்து, இன்னும் சொல் என்பதுபோலத் தட்டினாள். அந்த வாயின் குரல் பெட்டியால் வெளியே வந்தால் இடி முழக்கம்! றெஜினாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"என்ர குரல் போகட்டும் எண்டுதானே கேட்டனான். ஆண்டவர் ஆம்பிளைக் குரலாக்கியெல்லோ அனுப்பிப்போட்டார்!"

மத்தியானம் றபீக் நானா லொறியோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பாமல் தானே மைக்கை வாங்கிப் பிள்ளையைக் கூப்பிட்டார். அவள் திரும்பியதும், "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணைத் துடைத்தார். நான் பெட்டியின் வயரைக் கழற்றப் போனேன்.

"உட்டுடுங்க தம்பி. கலியாண வீட்டுக்கு வேற பெட்டி பாத்துக்குவன். இது புள்ளைக்கிட்டயே கிடக்கட்டும்" என்றார். வெறும் லொறியோடு திரும்பிப் போன அந்த மனிதரை நான் என் ஜெபத்தில் மறப்பதில்லை.

அன்று பாஸ்காவில் றெஜினா பாடினாள். இந்த முறை மைக்கில் ஒரு இஃபெக்டும் விடவில்லை, எதிரொலி கூடத் தேவைப்படவில்லை. பிள்ளை அவளுடைய இடுப்பில் இருந்து, பாடுகிற வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் அவளுக்குப் போகவில்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த அல்லேலூயாவைப் போல ஒன்றை எங்கள் கோயில் அதற்கு முன் கேட்டதில்லை. மனைவி என்பதற்காகச் சொல்லவில்லை, சிஸ்டரும் அதைத்தான் சொன்னார்.

யாழ்ப்பாணத்தில் பரிசோதித்த டொக்டரம்மாவிடம் கீபோர்ட் கதையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் சிரிக்காமல் கேட்டார். பரிசோதனைத் தாள்களைப் பார்த்துவிட்டு, "நீங்கள் கண்டது சரிதான். மேல் சத்தம் ஒண்டும் போகேல்ல. கீழ்ச் சத்தம் கொஞ்சம் மிச்சமிருக்குது. அதை வைச்சுக்கொண்டு பழக்கலாம்" என்றார். காதுக்கு மெஷின் எழுதித் தந்தார். அது வந்து சேரும் வரை ஒவ்வொரு பின்னேரமும் றெஜினா பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து பிள்ளையோடு கதைத்தாள். ஒவ்வொரு வாரமும் நான் குரலை ஒரு துளி மேலே ஏற்றிப் பார்ப்பேன். எந்த இடத்தில் அவள் திரும்பாமல் விடுகிறாள் என்று பார்த்து, மெல்லக் கீழே கொண்டுவருவேன். இப்படிப் பக்தியோடு நான் ஒருநாளும் கீபோர்ட்டைத் தொட்டதில்லை.

மெஷின் மாட்டிய பிறகு பேச்சு வர நாள் எடுத்தது. பயிற்சி, பஸ், அழுகை, திரும்பவும் பயிற்சி. முதல் தரம் "அம்மா" என்று சொன்னபோது தொண்டையை இறுக்கி, பேஸ் பெட்டி மாதிரியே உறுமினாள். தாய்க்குக் குரல் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள், பாவம்.

சகோதரரே, சகோதரியே, நான் கேட்டபடி ஒன்றும் நடக்கவில்லை. மருத்துவர்கள் வாயில் விரல் வைக்கவில்லை. என் மகளின் காது இன்றைக்கும் மெஷின் இல்லாமல் பேச்சைக் கேட்காது. ஆனால் என் மனைவி கேட்டது ஒரேயொரு தரம். எங்களுக்குக் கிடைத்ததோ நாள் முழுக்க. நானோ இப்போது ஆண்டவருக்கு வேலை சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டேன். கேட்கிறேன், பிறகு வாயை மூடிக்கொண்டு பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் திறக்காத ஒரு கதவு இருந்தால், கேளுங்கள். அவர் எந்தப் பக்கத்தால் வரவேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லாதேயுங்கள்.

இப்போது அனிற்றா பள்ளிக்கூடம் போகிறாள். பெரிய குழப்படிக்காரி. தாய் ஏசத் தொடங்கினால் மெஷினைக் கழற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டு நல்ல பிள்ளை போல இருப்பாள். நேற்றும் அதுதான் நடந்தது. றெஜினா கோபத்தில் அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே போன அனிற்றா, மெஷினை எடுத்துத் தானே காதில் மாட்டிக்கொண்டு தாயின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இப்ப கதையுங்கோ."